அத்திப்பள்ளி தாண்டினால் பூ

சாவு வீட்டுக்கு வந்து, என்ன பேசுவதென்று தெரியாமல் வாசலில் கிடக்கும் செருப்புகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை எனக்குப் பிடிக்கும். கான்டீன் அக்காவுக்கு என்ன பேசுவதென்று எப்போதும் தெரியும். அவளோடு வந்த வினையே அதுதான்.

என் வீட்டுக்காரர் தவறியபோது ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் லைன் வீட்டில் குடியிருந்தோம். பால் தெளித்த மறுநாள் அவள் வந்தாள். கட்டிக்கொண்டு அழவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. நேராக அடுப்படிக்குப் போய், "ரசம் வெக்கப் போறேன், புளி எங்க வெச்சிருக்க?" என்று கேட்டாள். "பலகைக்குக் கீழ, டப்பாவுல" என்றேன். சேதி வந்ததிலிருந்து நான் பேசிய முதல் பேச்சு அது. அதன்பிறகு கொத்தமல்லி எங்கே, கரண்டி ஏன் இப்படி வளைந்திருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரிக்கு எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் சொல்லிச் சொல்லி எனக்குப் பசி வந்துவிட்டது. இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அன்றைக்கு அவளை என் குலசாமி என்றே நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியில் கான்டீன் நடத்துகிறவள் அவள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். அவசரத்தில் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். பருத்த உடம்பு. நடந்தால் வளையல் சத்தம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது, கட்டியவரை யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் துணிந்து, "உங்க வீட்டுக்காரர் எங்கக்கா இருக்காரு?" என்று கேட்டேன். "அய்யோ ராமா, உன் பிளவுஸ் தோள்ல பிரிஞ்சிருக்குது பாரு, ஊசி எடுத்தா" என்றாள். ஊசி எடுத்து வந்து, அவள் தைத்து முடித்து, நான் நன்றி சொல்லி அனுப்பியபிறகுதான் என் கேள்வி எனக்கே ஞாபகம் வந்தது. பேச்சை மாற்றுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் மாற்றினால் மாற்றியது தெரியும். அவள் மாற்றினால், நாம் முதலில் இருந்தே இதைத்தானே பேசிக்கொண்டிருந்தோம் என்று தோன்றும்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கருமாதி முடிந்ததும் பங்காளிகளோ மாமன் வீட்டாரோ வந்து, துக்க வீட்டுக்காரர்களைத் தலைக்கு ஊற்றிக்கொள்ளச் சொல்லி சினிமாவுக்குக் கூட்டிப்போவார்கள். என்ன படம் என்று யாரும் கேட்பதில்லை. இருட்டில் உட்கார்ந்து எழுந்து வந்தால் துக்கம் கழிந்தது என்று அர்த்தம். அதற்குப்பிறகு வேலைக்குப் போகலாம், வாய்விட்டுச் சிரிக்கலாம், ஊரும் குறை சொல்லாது. ஓசூருக்குப் பிழைக்க வந்தவர்களுக்கு மாமன் எங்கே இருக்கிறான்? ஒருவன் காவேரிப்பட்டணத்தில் இருப்பான், ஒருவன் சிவகங்கையில் இருப்பான். வந்தவன் கருமாதிக்கு வந்ததே பெரிது என்று அன்றைக்கே பஸ் ஏறிவிடுவான். அந்த மாமன் வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள்.

கான்டீனுக்குக் காய்கறி ஏற்றும் வேன் ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கும். அதைக் கழுவி, உள்ளே ஜமக்காளம் விரித்து, எங்களில் ஐந்தாறு பேரை ஏற்றிக்கொள்வாள். எல்லாம் வீட்டில் சாவு விழுந்த பெண்கள். எவ்வளவு கழுவினாலும் கோஸ் வாசனை போகாது. ஆனேக்கல் பக்கம் முத்யாலமடுவு என்று ஓர் அருவி இருக்கிறது, பெரும்பாலும் அங்கேதான். ஏறும்போதே சொல்லிவிடுவாள்: "வண்டியில அந்தப் பேச்சு வேண்டாம். யாரு போனாங்க, எப்டிப் போனாங்க, ஒண்ணும் வேண்டாம். அது நம்ம வாசப்படியோட போச்சு."

சொன்னால் மனசு கேட்குமா? யாராவது ஆரம்பிப்பார்கள். அதற்கும் அவளிடம் வழி இருந்தது. அவரைக்காய்க் காலத்தில் முந்தின நாளே கொட்டையை ஊறப்போட்டு, பெரிய குண்டானில் தண்ணீரோடு வண்டியில் ஏற்றிவிடுவாள். ஊறிய கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு விழும். அதுதான் எங்கள் பக்கத்துப் பிதுக்கம்பருப்பு. எவள் தொண்டை கரகரக்கிறதோ அவள் மடியில் ஒரு கை கொட்டையைப் போட்டு, "இந்தா, பிதுக்கு" என்பாள். பிதுக்க ஆரம்பித்தால் பேச்சு தானாக நின்றுவிடும். அவரை இல்லாத காலத்தில் பூண்டு உரிக்கக் கொடுப்பாள். திங்கட்கிழமை கான்டீனில் நாங்கள் பிதுக்கிய பருப்பில் குழம்பு கொதிக்கும். எங்கள் துக்கத்தில் இருந்தும் வேலை வாங்கிய கெட்டிக்காரி.

ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டி அத்திப்பள்ளி வந்ததும் வண்டியை ஓரம் கட்டச் சொல்வாள். முந்தானைக்குள்ளிருந்து ஓர் இலைப் பொட்டலம் வெளியே வரும். உள்ளே மல்லிகைச் சரம், ஒரு சாந்துக் குப்பி.

"தமிழ்நாடு தாண்டியாச்சு. இங்க நம்மள யாருக்குத் தெரியும்? வெச்சுக்கோங்க."

முதல் தடவை நான் மாட்டேன் என்று தலையைத் திருப்பிக்கொண்டேன். பர்கூர் அம்மா ஒருத்தி எங்களோடு வருவாள், மூத்த மகனைப் பறிகொடுத்தவள், புருஷன் செத்து ரொம்ப வருஷமாயிற்று. அந்த அம்மாவே பேசாமல் தலையைக் குனிந்து பூ வாங்கிக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டு நானும் குனிந்தேன். அன்று முழுக்க அருவிக்கரையில் பூவும் பொட்டுமாக இருந்தோம். அக்கா தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்டு ஒவ்வொருத்தியையும் தண்ணீருக்குள் தள்ளுவாள். சாப்பிட்டதும் மர நிழலில் படுக்கச் சொல்லி, குரங்கு வராமல் ஒரு குச்சியோடு காவல் உட்கார்ந்திருப்பாள். மாதக்கணக்கில் வராத தூக்கத்தை நான் அங்கே தூங்கினேன். திரும்பி வரும்போது செக்போஸ்ட்டுக்கு முன்னால், "எடுத்துடுங்க" என்பாள். பூவை ஜன்னல் வழியாக எறிவோம், பொட்டை முந்தானையில் துடைப்போம். தமிழ்நாட்டுக்குள் நுழையும்போது பழையபடி ஆகிவிடுவோம்.

இதையெல்லாம் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் இன்றைக்கும் நெஞ்சை அரிக்கிறது.

என் வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்று இன்னும் சொல்லவில்லை. பார்த்தீர்களா, அவள் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அவர் பிரெஸ் ஷாப்பில் இருந்தார். தகட்டை வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்புக்கட்டை இறங்கி அடித்து வடிவம் பண்ணும். சிக்கிக்கொண்ட தகட்டை எடுக்கக் குனிந்தபோது கட்டை இறங்கிவிட்டது. "தூங்கிட்டாரும்மா. தூக்கத்துல பெடல்ல கால் பட்டுடுச்சு" என்று கம்பெனியில் சொன்னார்கள். நான் நம்பினேன். முந்தின நாள் ராத்திரி எங்களுக்குள் சண்டை, அவர் சரியாகத் தூங்கவில்லை. என் வாயால்தான் அவர் போனார் என்று எனக்குள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டேன். வெளியே சொல்ல வெட்கம். வண்டியில் அந்தப் பேச்சு வேண்டாம் என்று அக்கா சொன்னபோது அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

அவர் வேலையை என் தம்பி முருகேசனுக்கு வாங்கிக்கொடுத்ததும் அக்காதான். கம்பெனியில் யாரைப் பார்த்தாளோ, எப்படிப் பேசினாளோ, பயலை ஊரிலிருந்து வரவழைத்து உள்ளே சேர்த்துவிட்டாள். என் அம்மா அவள் காலில் விழப்போனாள். "எழுந்திரும்மா, பையனுக்கு மொச்சைக்கொட்டைக் குழம்பு பிடிக்குமா?" என்றாள் அக்கா. எனக்கு இருந்தது ஒரே தம்பி. என் பேச்சை நம்பித்தான் அம்மா அவனை அனுப்பினாள். என் வீட்டுக்காரர் நின்ற அதே நாலாம் நம்பர் மிஷினில்தான் அவனை நிறுத்தியிருந்தார்கள். அது வழக்கம்தான், போனவர் இடத்தில் வந்தவர் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு தை மாதம் வண்டியில் புதிதாக ஒருத்தி ஏறினாள். சிவகங்கைப் பக்கத்துப் பெண், இருபது வயது இருக்கும். செத்துப்போன புருஷன் எங்கள் கம்பெனிதான், ராத்திரி ஷிப்டாம். அக்காவின் சட்டம் அவளுக்குப் பழகவில்லை. பூவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அத்திப்பள்ளி தாண்டினதுமே ஆரம்பித்துவிட்டாள்.

"அவுக தூங்குற ஆளே கெடையாதுக்கா. மிசினுல தூங்கிட்டாருன்னு சொல்றாக."

எனக்குச் சுருக்கென்றது. அக்கா ஒரு கை கொட்டையை அள்ளி அவள் மடியில் போட்டாள். "இந்தா, பிதுக்கு."

அவள் பிதுக்கவில்லை. "நாலாம் நம்பரு மிசினு ஒரு மிதிக்கு ரெண்டு அடி அடிக்குதுன்னு தெனமும் வந்து சொல்லுவாக. அது தானா ரெண்டாவது தடவ எறங்குமாம்."

ஒரு மிதிக்கு ரெண்டு அடி. அந்த வார்த்தையை நான் என் வீட்டில் கேட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னது. அவரை மண்ணில் போட்டதோடு அதையும் நான் மறந்திருந்தேன்.

"நோடு நோடு, அங்க பாரு, சப்போட்டா!" என்று அக்கா கத்தினாள். "வண்டியை நிறுத்துப்பா, நல்ல பழமா இருக்குது."

வண்டி நின்றது. ஒருத்தியும் இறங்கவில்லை. பர்கூர் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "எம் பையனையும் தூங்கிட்டான்னுதான் சொன்னாங்கோ. காலையில பத்து மணிக்கு எவனாச்சும் தூங்குவானா? நான் பெத்த புள்ள மேலயே சந்தேகப்பட்டுட்டனே. அவனும் அந்த நாலாம் நம்பரைத்தான் திட்டிக்கினு இருப்பான்."

எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஒரே ஜமக்காளத்தில் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்திருக்கிறோம். ஒருத்தி மடியில் ஒருத்தி தூங்கியிருக்கிறோம். ஒரு வார்த்தை பேசியிருந்தால் இந்தச் சிவகங்கைப் பெண் இன்றைக்கு ஊரில் புருஷனோடு பொங்கல் வைத்துக்கொண்டிருப்பாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னாம்மா தெரியும்? நான் சோறாக்கிப் போடறவ."

சொல்லிவிட்டுக் குண்டானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தலையைக் குனிந்து அவளே பிதுக்க ஆரம்பித்தாள். எத்தனையோ தடவை எங்களைப் பிதுக்கச் சொன்னவள், தான் பிதுக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வண்டியைத் திருப்புங்கண்ணா. என் தம்பி இப்ப அந்த மிஷின்ல நிக்கிறான்" என்றேன். ஆர்டர் அதிகம் என்று அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமையும் பிரெஸ் ஷாப் ஓடியது. டிரைவர் அக்காவைப் பார்த்தார். அக்கா நிமிரவில்லை. அவர் திருப்பிவிட்டார்.

செக்போஸ்ட் வந்ததும் அக்கா பழக்க தோஷத்தில், "எடுத்துடுங்க" என்றாள். மற்றவர்கள் எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. வீறாப்பு ஒன்றுமில்லை, கை அங்கே போகவில்லை, அவ்வளவுதான். இடி விழுந்தாலும் எனக்கு அன்று கேட்டிருக்காது.

கம்பெனி கேட்டில் இறங்கி ஓடினேன். அக்காவும் பின்னாலேயே வளையல் குலுங்க ஓடிவந்தாள். வாட்ச்மேன் என் தலையைப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் போனார். என் வீட்டுக்காரர் பிணத்தை வண்டியில் ஏற்றிவிட்டவர் அவர். நான் போட்ட சத்தத்தில் சூபர்வைசர் டீ கிளாசோடு வந்தார். முருகேசனையும் கூப்பிட்டுவிட்டார்கள். கிரீஸ் அப்பிய இரண்டு கையும் முழுசாக வந்து நின்றான். அந்த இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"சார், நாலாம் நம்பர் மிஷின்ல என் தம்பிய நிறுத்தாதீங்க. அது ஒரு மிதிக்கு ரெண்டு அடி அடிக்குது. மூணு உசுரு போயிருக்குது சார். யாரும் தூங்கல. வேணும்னா அக்காவக் கேளுங்க, வண்டியில எல்லாரும் சொன்னாங்க."

சூபர்வைசர் என் பூவைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார். பிறகு அக்காவிடம், "என்னம்மா இது?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். உள்ளே கான்டீன் கூரையைப் பார்த்தாள். அவள் வாயை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த ஒரு தடவை பேச்சை மாற்றாதே தாயே என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். பாவம், அதுக்கு இன்னும் துக்கம் ஆறல" என்றாள்.

சொல்லிவிட்டு என் பக்கம் வந்து, தலையிலிருந்த பூவைத் தன் கையாலேயே எடுத்தாள். முடி ஒன்றுகூட இழுபடாமல் அவ்வளவு மெதுவாக எடுத்தாள். முந்தானையால் பொட்டைத் துடைத்துவிட்டாள்.

முருகேசன் என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டான். அவனுக்குக் காதெல்லாம் சிவந்திருந்தது. கேட்டில் நிற்கிற அத்தனை பேர் முன்னால் கூடப்பிறந்த அக்காக்காரி பூ வைத்துக்கொண்டு வந்து நின்றதுதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது. வீட்டில் வந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "எல்லா மிஷினும் எப்பவாச்சும் ரெண்டு அடி அடிக்கும்க்கா. பாத்து வேல செஞ்சா ஒண்ணும் ஆவாது. கான்டீன் அக்கா சொன்னது சரிதான், உனக்கு இன்னும் மனசு ஆறல" என்றான். துக்கம் ஆறாதவள் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதற்குப்பிறகு நாம் பேசுவதெல்லாம் துக்கம்தான். நியாயம் கேட்டாலும் துக்கம், பயந்தாலும் துக்கம். சிவகங்கைப் பெண்ணை அவள் அப்பா வந்து ஊருக்கு அழைத்துப்போய்விட்டார். பர்கூர் அம்மா அதன்பிறகு வண்டிக்கு வரவில்லை.

கான்டீன் கைவிட்டுப் போய்விடும் என்று அக்கா பயந்திருக்கலாம். அவளை நம்பி உள்ளே இலை போடுகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். இருக்கட்டும். அதையெல்லாம் நினைத்து இரங்க என்னிடம் இரக்கம் மீதி இல்லை.

பங்குனி முடிவதற்குள் நாலாம் நம்பர் மிஷின் முருகேசனின் வலதுகை விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் தப்பியது. பட்டப்பகலில்தான். தூங்கிட்டான் என்றார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபிறகு அவன் யாரோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். ஊட்டினால் வாயைத் திறப்பான், அவ்வளவுதான். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் பார்வையைத் திருப்பிக்கொள்வாள். அப்படி ஒரு நாளில் வாசலில் வளையல் சத்தம் கேட்டது. கையில் டிபன் கேரியரோடு அக்கா நின்றாள். வெளியே போ என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி, இந்த வீட்டுக் கொசுவலை ஏன் இப்டிக் கிழிஞ்சு கெடக்குது? எலியா?"

அவன் திரும்பினான். "பூனைங்க" என்றான். விபத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு.

"ஞாயித்துக்கிழமை வண்டி போகுது. வா, அருவியில குளிச்சிட்டு வரலாம்" என்றாள்.

நான் கூடாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்து நின்றபோது கத்தினேன், கதவை மறித்துக்கொண்டு நின்றேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "போயிட்டு வரட்டும் விடு, வாயத் தொறந்து பேசினானே, அது போதும்" என்றாள். அவன் என்னைத் தாண்டிக்கொண்டு போய் வண்டியில் ஏறினான். எனக்குப் பதிலாக, நான் உட்காரும் மூலையில்.

பொழுது சாய வந்தான். தலை முடி அருவித் தண்ணீரில் காய்ந்து பரட்டையாக நின்றது. முகத்தில் கொஞ்சம் களை இருந்தது. இடதுகையை என் மூக்குக்கு நேராக நீட்டினான். விரல் நுனியெல்லாம் பூண்டு வாசம்.

"ஒரே கையால உரிச்சங்க்கா. தரையில வெச்சு மணிக்கட்டால ஒரு அழுத்து அழுத்தினா தோலு தனியா வந்துடுது. கான்டீன் அக்காதான் சொல்லிக்குடுத்தாங்க. மத்தவங்களவிட நான்தான் அதிகமா உரிச்சேன்" என்று சொல்லிச் சிரித்தான்.

விரல் போனபிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான். அவனைச் சிரிக்க வைத்தவள் அவள். அதற்காகவும் அவளை நான் மன்னிக்கவில்லை.